மாடிப் பாட்டிக்காக ஒரு வான்கோழி: எங்கள் முதல் தேங்க்ஸ்கிவிங் சமையல்

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸுக்கு நாங்கள் வந்து இது மூன்றாவது குளிர்காலம். முதல் இரண்டு தேங்க்ஸ்கிவிங்குக்கும் (நவம்பரில் முழு வான்கோழி சமைத்து விருந்து வைக்கும் அமெரிக்கப் பண்டிகை) எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டவர், மேல்மாடியில் தனியாக இருக்கும் 76 வயது அம்மாள். எங்களுக்குள் அவருக்கு மாடிப் பாட்டி என்று பெயர். இந்த நவம்பர் தொடக்கத்தில் வாசலில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டு. பார்க்கப் போன அன்று, இந்த வருடம் தன்னால் முடியாது, கடையில் ஏதாவது வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சூடான கொழுப்போடு ஆறேழு கிலோ பாத்திரத்தை ஓவனிலிருந்து ஒற்றைக் கையால் இறக்கவா முடியும்?

படியிறங்கி வந்ததும் என் கணவர், "ஏம்மா, இந்தத் தடவை நாம செஞ்சு அவங்களக் கூப்பிட்டா என்ன?" என்றார்.

"முழுப் பறவையாங்க?"

"முழுசாத்தான்."

எனக்கு வான்கோழி புதிதில்லை. எங்கள் திண்டுக்கல் பக்கம் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்பா எப்போதாவது வாங்கி வருவார். ஆனால் வீட்டுக்கு வரும்போதே அது துண்டு துண்டாக இருக்கும். மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டு, ஒரு துண்டை எடுத்துக் கரண்டியால் அழுத்திப் பார்த்தால் வெந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். வேகாவிட்டால் இன்னும் பத்து நிமிடம் கொதிக்கட்டும், அவ்வளவுதான். முழுப் பறவையை ஓவனில் வைப்பது வேறு கணக்கு. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, கரண்டிக்கும் எட்டாது. இரண்டு விதமான கறி ஒரே உடம்பில், ஒரே சூட்டில், ஒரே நேரத்தில் வேக வேண்டும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, சூடு கொஞ்சம் கூடினால் நார் நாராக வறண்டுவிடும். தொடையில் இணைப்புத் திசு அதிகம், நன்றாகச் சூடேறினால்தான் மிருதுவாகும். இந்தச் சமையலின் சிக்கல் முழுவதும் இதில்தான் என்பது எங்களுக்கு வியாழக்கிழமை பிற்பகல்தான் உறைத்தது.

மொத்தம் எட்டுப் பேர். நாங்கள் இருவர், மாடிப் பாட்டி, நண்பர் குடும்பத்தில் இருவர், விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியாத பல்கலைக்கழக மாணவர்கள் மூவர். எலும்பையும் சேர்த்து ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு என்பது பொதுக் கணக்கு. வான்கோழி வளர்ப்பில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் மாநிலம் மினசோட்டா, அதனால் கடையில் தேர்வுக்குப் பஞ்சமில்லை. 13 பவுண்டில், ஏறத்தாழ 5.9 கிலோவில், உறைய வைத்த பறவை ஒன்றைச் சனிக்கிழமை வாங்கினோம்.

வாங்கும்போது உறையைத் திருப்பிப் படித்தது நல்லதாய்ப் போயிற்று. சிறிய எழுத்தில், எடையில் 8 சதவீதம் வரை உப்புக் கரைசல் ஏற்றப்பட்டது என்று இருந்தது. உறைந்து வரும் வான்கோழிகளில் இது சாதாரணம், கறி வறளாமல் இருக்க இப்படிச் செய்கிறார்கள். தெரியாமல் நாமும் முதல் நாளே உப்பு தடவி ஊற வைத்தால் இரட்டிப்பு உப்பு. கரைசல் ஏற்றாத பறவை என்றால், ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கோஷர் உப்பு என்ற கணக்கில் முந்தின நாள் தடவலாம். அந்த உப்பு பரல் பரலாக, பொடி உப்பைவிடப் பருமனாக இருக்கும். அதே கரண்டியில் பொடி உப்பை அள்ளினால் எடை கூடிவிடும். கரண்டியை நம்பாமல் தராசில் நிறுத்துக்கொள்வதுதான் சரி.

அன்று இரவு ஓவனைச் சோதித்தோம். எங்களுடையது அடுக்குமாடி வீடுகளில் வைக்கும் குறுகலான ஓவன். மாடிப் பாட்டி கொடுத்த வறுவல் பாத்திரம் கைப்பிடிகளோடு 17 அங்குலம், ஓவனின் உள் அகலம் 19 அங்குலம். பக்கத்துக்கு ஓர் அங்குலம் கிடைத்தது, காற்று சுற்ற அது போதும். மேல்தட்டைக் கழற்றிவிட்டு, கீழ்த்தட்டை அடிப் பள்ளத்துக்கு இறக்கினோம். பிறகு ஓவனுக்குள் தொங்கவிடும் சின்ன தெர்மாமீட்டரை மாட்டி, 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 163 செல்சியஸ்) வைத்தோம். அரை மணி நேரம் ஆகியும் முள் 300-ஐத் தாண்டவில்லை. மூன்று முறை பார்த்தோம், மூன்று முறையும் அதே 25 டிகிரி குறைவு. இத்தனை நாள் நான் செய்த கேக்கெல்லாம் நடுவில் ஈரமாக இருந்ததன் காரணம் அன்றுதான் புரிந்தது. 350-க்குத் திருகினால் உள்ளே 325 கிடைக்கும் என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார் என் கணவர். அந்தக் காகிதம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஞாயிறு மாலை பறவையை உறைபெட்டியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றினோம். நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. 13 பவுண்டுக்கு மூன்று நாள், புதன் மாலைக்குள் இளகியிருக்க வேண்டும். நீர் கசிந்து காய்கறி மேல் விழாமல் விளிம்புள்ள தட்டில் வைத்து, அடித்தட்டின் கடைசியில் தள்ளினோம். பால்கனியில் வைத்தால் ஃபிரிட்ஜில் இடம் மிச்சமாகுமே என்று அவர் கேட்டார். இந்த ஊரில் பலர் அப்படி வைப்பதுண்டு. நான் சம்மதிக்கவில்லை. இரவில் உறைநிலைக்கு வெகு கீழே போய் மறுபடி உறையும், பகலில் வெயில் பட்டால் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 4 செல்சியஸ்) மேல் ஏறும். 40-க்கும் 140-க்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும்.

செவ்வாய் இரவு காட்டரிசிக்கு ஒதுக்கிய நேரம். மாடிப் பாட்டி எங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தான். அவர் பிறந்து வளர்ந்தது மாநிலத்தின் வடக்கே, ஏரிகள் நிறைந்த பகுதியில். அவர் அம்மா பண்டிகைக்குச் செய்தது வெங்காயமும் செலரித் தண்டும் காளானும் போட்ட காட்டரிசி. ஒரு காகிதப் பையில் அரிசியையும் அவரே தந்தார்.

இதை அரிசி என்கிறோமே தவிர, நம் நெல்லோடு நேரடி உறவு இல்லாத, நீரில் வளரும் வேறு புல்லின் விதை இது. இப்பகுதியின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்கள் இதை மனோமின் என்கிறார்கள். அவர்களுக்கு இது உணவு மட்டுமில்லை, தங்கள் முன்னோர் இங்கே வந்து தங்கியதற்கே காரணமான தானியம். இன்றும் ஏரிகளில் விளைவதைத் துடுப்புப் படகில் போய், ஒருவர் படகைத் தள்ள, இன்னொருவர் ஒரு குச்சியால் கதிரைப் படகுக்குள் வளைத்து மற்றொரு குச்சியால் மெல்லத் தட்டி உதிர்க்கிறார்கள். பிறகு தீயில் வறுத்து, உமி நீக்கிப் புடைக்கிறார்கள். மினசோட்டா 1977-இல் இதை மாநிலத் தானியமாக அறிவித்தது. கடைகளில் அதிகம் கிடைப்பது வயலில் பயிரிட்ட, கருகருவென்று பளபளக்கும் வகை. அது வேக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பாட்டி தந்தது ஏரியில் கையால் அறுவடை செய்தது, பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், முகர்ந்தால் லேசான புகை வாசம். பை மேல் எந்தக் குறிப்பும் இல்லாததால் ஒரு கைப்பிடி மட்டும் போட்டுப் பார்த்தேன். 25 நிமிடத்தில் வெடித்துச் சுருண்டுவிட்டது. கறுப்பு வகையின் கணக்கில் வைத்திருந்தால் களியாகியிருக்கும்.

இதில் கறிவேப்பிலை தாளித்தால் நன்றாக இருக்கும் என்று கை பரபரத்தது. செய்யவில்லை. பறவையின் மசாலா எங்களுடையது, அரிசி பாட்டியின் அம்மாவுடையது என்று நாங்கள் ஏற்கெனவே பிரித்துக்கொண்டிருந்தோம்.

நவம்பரின் நான்காவது வியாழன்தான் தேங்க்ஸ்கிவிங் என்பது 1941-இல் சட்டமானது. வியாழன் விடுமுறை என்றால் புதன் வேலை நாள். அதனால் இருவரும் வேலை முடிந்து வந்து பறவையைத் தொட்டுப் பார்க்கும்போதே மணி ஏழு. வெளியே மெத்தென்று இருந்தது. வயிற்றுக்குள் கைவிட்டால் கல். உள்ளே வைத்திருக்கும் கழுத்துத் துண்டு பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை.

மூன்று நாள் முழுசாக ஆகியும் ஏன் இப்படி? ஃபிரிட்ஜின் பின்சுவரில், குளிர்க்காற்று வரும் துளைக்கு நேர் எதிரே அதைத் தள்ளி வைத்திருந்தோம். தெர்மாமீட்டரை அங்கே வைத்துப் பார்த்தபோது 34 டிகிரி. வேளாண் துறையின் கணக்கு 40 டிகிரிக்கு. ஆறு டிகிரிதானே என்று தோன்றும், ஆனால் உறைநிலை 32. பனிக்கும் சுற்றிலும் உள்ள காற்றுக்கும் இடையே எட்டு டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரண்டுதான் இருந்திருக்கிறது. எப்படி இளகும்?

அவர் முகம் வாடிவிட்டது. மைக்ரோவேவுக்குள் நுழையாது, வெந்நீர் ஊற்றக் கூடாது. மிச்சம் இருந்தது குளிர்ந்த தண்ணீர் முறை. பறவை இருந்த உறையோடு நீர் புகாத பையில் போட்டு இறுகக் கட்டி, சமையலறைத் தொட்டியில் குளிர்ந்த நீரில் முழுக வைத்து, அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். முழுதாக உறைந்த பறவை என்றால் பவுண்டுக்கு அரை மணி வீதம் ஆறரை மணி நேரம் ஆகியிருக்கும். எங்களுடையது பாதிக்கு மேல் இளகியிருந்ததால் நான்கு முறை மாற்றியதோடு, இரண்டு மணி நேரத்தில் கழுத்து கையோடு வந்தது. அலாரம் வைத்து அவர் தண்ணீர் மாற்ற, நான் கிரான்பெர்ரியைக் கவனித்தேன்.

கிரான்பெர்ரியில் சொல்ல அதிகமில்லை. 340 கிராம் பழம், ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், பத்து நிமிடம். பழங்கள் பட்பட்டென்று வெடிக்கும், ஆறியதும் தானாகவே கெட்டியாகும், அவ்வளவு பெக்டின் அதில் இருக்கிறது. பாதியை அப்படியே வைத்துவிட்டு, மீதிப் பாதியில் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்த்து, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயப் பொடி, பெருங்காயம் தாளித்துக் கொட்டினேன். புளிப்பும் துவர்ப்பும் கலந்த பழம் என்பதால் மாங்காய்த் தொக்குக்குச் சமமாக நின்றது. மறுநாள் முதலில் காலியானது இந்தக் கிண்ணம்தான்.

ஒன்பதரைக்கு அம்மா கூப்பிட்டார். முதல் கேள்வி, "மஞ்சத்தூள் போட்டு நல்லாக் கழுவுனியாடி?"

எங்கள் வீட்டில் கழுவாத கறி அடுப்பேறியதில்லை. ஆனால் பச்சைக் கோழியையோ வான்கோழியையோ குழாயடியில் கழுவினால் தெறிக்கும் நீர் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் பாத்திரம் எல்லாவற்றிலும் கிருமியைப் பரப்புகிறது. கழுவுவதால் போகாத கிருமி, சரியான சூட்டில் வெந்தால் செத்துவிடுகிறது. அதனால் கழுவவில்லை. காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஒற்றி ஈரத்தை எடுத்தோம், பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். அம்மாவிடம் இதை விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, மஞ்சளாவது போடு" என்றார். மஞ்சள் மசாலாவிலேயே இருந்தது.

மசாலா இது: மிளகு இரண்டு மேசைக்கரண்டி, மல்லி இரண்டு, சோம்பு ஒன்று, இவற்றை வெறும் வாணலியில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்தேன். எட்டுப் பல் பூண்டு, ஒரு விரல் இஞ்சி, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி மஞ்சள், உப்பு இரண்டே தேக்கரண்டி. எல்லாம் உப்பில்லாத வெண்ணெய் 200 கிராமில் பிசைந்தது. கழுத்துப் பக்கமிருந்து தோலுக்கும் நெஞ்சுக்கறிக்கும் நடுவே விரலை மெல்ல நுழைத்தால் தோல் பை போலப் பிரியும். நகம் படாமல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். அந்தப் பைக்குள் முக்கால் பங்கு வெண்ணெயை வைத்து, வெளியே இருந்து தடவித் தடவிப் பரப்பினேன். கறிவேப்பிலையைத் தோலுக்கு மேல் வைத்தால் மூன்று மணி நேரச் சூட்டில் கருகிக் கசந்துவிடும், உள்ளே இருந்தால் வாசம் வெண்ணெயோடு இறங்கும். தொடைக்குள்ளும் கொஞ்சம் வைத்தேன். தோலின் மேல் எதுவும் தடவவில்லை. மூடாமல் ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் தோல் அப்பளம் போல உலர்ந்திருந்தது. முறுகலாக வர அந்த உலர்வுதான் வேண்டும்.

கழுத்து, இதயம், இரைப்பை மூன்றும் வெங்காயம், மிளகோடு சூப்புத் தண்ணீராகக் கொதிக்கப் போனது. கல்லீரலை அதில் போட்டால் கசக்கும். அதைத் தனியே மிளகுப் பிரட்டலாக்கி இரவு பதினொன்றுக்கு நாங்கள் இருவரும் ரொட்டியோடு சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை. சாப்பாடு நான்கு மணிக்கு என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். வெட்டிப் பரிமாற அரை மணி, ஆற வைக்க அரை மணி, வேக மூன்று முதல் மூன்றே முக்கால் மணி. உள்ளே எதையும் அடைக்கவில்லை. அடைத்தால் அந்த அடைசலும் 165 டிகிரியைத் தொட வேண்டும், அதற்குள் நெஞ்சுக்கறி காய்ந்துவிடும். பாதியாக வெட்டிய எலுமிச்சையும் வெங்காயமும் மட்டும் வாசத்துக்கு. சரியாகப் பதினொன்றரைக்கு உள்ளே வைத்தோம். கீழே சொட்டும் கொழுப்பு கருகிப் புகையாமல் இருக்கப் பாத்திரத்தில் இரண்டு கப் தண்ணீர்.

ஒரு மணிக்குப் பாத்திரத்தைத் திருப்பி வைத்தோம், எங்கள் ஓவனின் பின்பக்கம் சூடு அதிகம். ஒன்றேகாலுக்கு நெஞ்சின் மேல் தோல் நல்ல பொன்னிறம். அங்கே மட்டும் அலுமினியத் தாளை இரண்டாக மடித்துப் போர்த்தினோம். இடையிடையே திறந்து கொழுப்பை மொண்டு ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. நாங்கள் ஊற்றவில்லை. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓவன் சூடு இறங்குவதைத் தொங்கும் தெர்மாமீட்டரில் பார்த்துவிட்ட பிறகு திறக்க மனம் வரவில்லை.

இரண்டு மணிக்குக் கறிக்குள் குத்தும் தெர்மாமீட்டர் நெஞ்சில் 145 காட்டியது. இரண்டே முக்காலுக்கு 161. என் கணவர் தொடையில் குத்தினார், 170 காட்டியது.

"ஆயிடுச்சு!" என்றார்.

பாட்டி அப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இடது கையால் கரண்டிகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். எலும்பில் படாமல் இன்னொரு முறை குத்திப் பார்க்கச் சொன்னார். என் கணவர் ஊசியை இழுத்து, அரை அங்குலம் தள்ளி, தொடையின் உட்பக்கத்தில், உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கமாகச் சொருகினார். எண் இறங்கத் தொடங்கியது. 164, 158, 153. கடைசியில் 151-இல் நின்றது.

முதல் எண்ணை நம்பி இறக்கியிருந்தால் எட்டுப் பேருக்கும் வேகாத கறியைப் பரிமாறியிருப்போம். பாதுகாப்பு எல்லை 165 டிகிரி (74 செல்சியஸ்). அதைத் தொடையின் உட்பகுதி, இறக்கையின் உட்பகுதி, நெஞ்சின் தடித்த பகுதி என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். சில பறவைகளில் வெந்ததைக் காட்டக் கடையிலேயே குத்தி வரும் சிவப்புக் குமிழ் துள்ளிவிட்டதா என்று பார்த்து இறக்குவோரும் உண்டு. அது குத்தியிருக்கும் ஒரு புள்ளியின் சூட்டை மட்டும்தான் சொல்லும்.

மூன்று மணி. நெஞ்சு 165, தொடை 155. இனி உள்ளே விட்டால் நெஞ்சு வறளும், வெளியே எடுத்தால் தொடை வேகாது. தாள் போர்த்தியும் போதவில்லை. முழுப் பறவையை மேசை நடுவில் வைத்துப் பாட்டி முன்னால் வெட்ட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை, அதற்காகவே ஒரு பெரிய பீங்கான் தட்டு வாங்கி வைத்திருந்தார். நான்தான் சொன்னேன்: "என்னங்க, காலை வெட்டிருவோம்."

அவர் தட்டைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார். "சரி, வெட்டு."

பலகையில் இறக்கிப் பதினைந்து நிமிடம் விட்டோம். அதற்குள் ஓவனை உள்சூடு 425 வரும்படி ஏற்றினோம். தொடையும் காலும் சேர்ந்த துண்டை வெளிப்பக்கம் வளைத்தால் மூட்டு தானாக வெளியே வரும். அந்த இடுக்கில் கத்தியை விட்டால் எலும்பைத் தொடாமலே பிரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து கறிக்கடையில் பார்த்த வேலைதான். மூட்டுப் பக்கம் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. இரண்டு கால்களையும் தோல் மேலே இருக்கும்படி பாத்திரத்தில் பரப்பி மறுபடி ஓவனுக்குள் தள்ளினோம். 20 நிமிடத்தில் தொடை 176. தொடைக்கறிக்கு 165 பாதுகாப்பு, 175-க்கு மேல் போனால்தான் மெல்லுவதற்கு இதம். நெஞ்சுப் பகுதி அந்த நேரமெல்லாம் தாளுக்குள் ஆறிக்கொண்டிருந்தது, அதற்கும் அந்த ஓய்வு தேவைதான். சாறு கறிக்குள்ளேயே நின்றது.

வீடியோவில் பார்த்த என் மாமியார், "எலும்புகிட்ட செவப்பாத் தெரியுதேம்மா" என்று கவலைப்பட்டார். வெந்த பிறகும் எலும்பையொட்டி அந்த நிறம் இருக்கலாம், இளம் பறவைகளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமி அது. 176 என்று காட்டிய தெர்மாமீட்டரை அவருக்குக் காட்டினோம்.

கிரேவியில் ஒரு சறுக்கல். பாத்திரத்தில் தேங்கிய சாற்றை உயரமான எவர்சில்வர் செம்பில் ஊற்றிக் கொழுப்பு மேலே மிதந்ததும் கரண்டியால் எடுத்தேன். நான்கு மேசைக்கரண்டி கொழுப்பில் அதே அளவு மைதாவை வாசம் வரும்வரை வறுத்து, அடியில் இருந்த சாற்றை ஊற்றிக் கிளறி ருசி பார்த்தால், நாக்கை இழுக்கும் உப்பு. ஏற்றியிருந்த உப்புக் கரைசல் முழுவதும் சாறாக இறங்கியிருக்கிறது. நல்லவேளை, முந்தின இரவு கழுத்துச் சூப்பில் உப்புப் போடவில்லை. அதைச் சேர்த்துச் சேர்த்து இளக்கியதும் சரியானது. வான்கோழிச் சாற்றை ருசி பார்க்காமல் கிரேவிக்கு உப்புப் போடவே கூடாது. உருளைக்கிழங்கு மசியல் மாணவர்கள் பொறுப்பு, பூசணிப் பை கடையில் வாங்கியது.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு உட்கார்ந்தோம். நெஞ்சுக்கறியை எலும்பிலிருந்து முழுசாகப் பெயர்த்து, நாருக்குக் குறுக்கே விரல் தடிமனில் வெட்டி, பீங்கான் தட்டின் நடுவில் அடுக்கி, கால்களை இரு பக்கமும் வைத்தார் என் கணவர். பாட்டியால் வலது கையால் வெட்டிச் சாப்பிட முடியாது என்பதால் அவருடைய துண்டுகளைச் சிறியதாக நறுக்கி வைத்திருந்தோம். அவர் முதலில் தொட்டது காட்டரிசியைத்தான். ஒரு வாய் சாப்பிட்டு, கரண்டியை வைத்துவிட்டுச் சற்று நேரம் ஏதும் பேசவில்லை. பிறகு, காளான் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம், அம்மா இன்னும் அதிகம் போடுவார் என்றார். அடுத்த முறைக்கு அதையும் காகிதத்தில் எழுதிக்கொண்டோம்.

சாப்பிட்டு முடித்ததும் மிச்சக் கறியைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தோம். நான்கு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். எலும்புக் கூட்டை வெள்ளிக்கிழமை குக்கரில் முக்கால் மணி நேரம் வேகவிட்டு, அந்த நீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். ஒரு டம்ளர் மாடிக்குப் போனது.

கிறிஸ்துமஸுக்கு மறுபடி ஒன்று செய்தோம், இந்த முறை 12 பவுண்டு. ஃபிரிட்ஜில் நான்கரை நாள், பின்சுவரில் படாமல். முதுகெலும்பைச் சமையல் கத்தரியால் இருபுறமும் வெட்டி எடுத்துவிட்டு, பறவையைக் கவிழ்த்து நெஞ்செலும்பை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தித் தட்டையாக்கினேன். கால்கள் ஓரத்துக்குப் போய்விட, அவற்றுக்குச் சூடு நேராகக் கிடைத்தது. ஓவன் 425, மொத்தம் 85 நிமிடம், தாள் எதுவும் தேவைப்படவில்லை. பாட்டிக்கு அதற்குள் கட்டுப் பிரித்திருந்தார்கள். தெர்மாமீட்டரைப் பிடித்தது அவர்தான். நெஞ்சு 165, இடது தொடை 177, வலது தொடை 179 என்று அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, ஃபிரிட்ஜ் கதவுக் காகிதத்தில் என் கணவர் குறித்துக்கொண்டார்.